வியாழக்கிழமை ஸ்பீக்கர்

என் பெயரை ஸ்பீக்கரில் படித்தது நீங்கள்தான், மேடம். ஆபீஸ் அக்கா படிக்கவில்லை. பி.டி. சார் படிக்கவில்லை. தலைமையாசிரியையான நீங்களே படித்தீர்கள். இனிஷியல், வகுப்பு, செக்‌ஷன் எல்லாம் சொல்லி, "மனநல ஆலோசனைக்குப் பெயர் கொடுத்த மாணவர் உடனடியாக லைப்ரரிக்கு வரவும்" என்றீர்கள். அடுத்த வரியிலேயே, மைதானத்தில் கிடக்கும் நீல நிற டிபன் பாக்ஸ் யாருடையது என்று கேட்டீர்கள்.

நம் பள்ளியில் எல்லாமே ஸ்பீக்கர்தான். ஒவ்வொரு வகுப்பிலும் போர்டுக்கு மேலே ஒரு பெட்டி. வராண்டாவில் ஒன்று. வாசல் கேட்டுக்கு மேலே புனல் மாதிரி ஒன்று, தெருவைப் பார்த்தபடி. யார் முடி வெட்டிக்கொள்ளவில்லை, யார் ஃபீஸ் கட்டவில்லை, யாருடைய அம்மா சாப்பாட்டுப் பையோடு கேட்டில் நிற்கிறார், எல்லாம் அதில் வரும். அந்தத் தெருவில் குடியிருந்தவர்களுக்கு எங்கள் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் எந்த பேட்சுக்கு எப்போது என்று கூடத் தெரிந்திருக்கும். மயிலாப்பூரில் கோயில் மணிக்கு அடுத்தபடி தூரம் கேட்டது நம் பள்ளி ஸ்பீக்கர்தான்.

நான் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம் பிரேயரில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். இனி வியாழக்கிழமை மதியம் ஒரு கவுன்சிலர் வருவார், இலவசம், மனதில் பாரம் இருப்பவர்கள் ஆபீஸில் பெயர் கொடுக்கலாம், ரகசியம் காக்கப்படும். ரகசியம் என்ற வார்த்தையை நீங்கள்தான் சொன்னீர்கள். என் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அப்போது எனக்கு என்ன ஆகியிருந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், அர்த்தம் ஏறாது. இடைவேளையில் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். அழுது முடித்து முகம் கழுவி வந்தால் ஏன் அழுதேன் என்று சொல்லத் தெரியாது. காலையில் கண் விழித்ததும், ஏன் விழித்தேன் என்றுதான் முதலில் தோன்றும். காரணம் கேட்காதீர்கள். எல்லாரும் காரணம்தான் கேட்டார்கள். லவ்வா, மார்க்கா, சிகரெட்டா. ஒன்றும் இல்லை. காரணம் இல்லாததுதான் பயமாக இருந்தது. காரணம் இருந்தால் அதோடு சண்டை போடலாம்.

யாரிடமாவது சொன்னால் உயிரோடு இருந்துவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் என் கணக்கு. அதனால் ஆபீஸில் பெயர் கொடுத்தேன்.

வியாழக்கிழமை கடைசிப் பீரியட். மேத்ஸ் சார் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். உங்கள் குரல் வந்தது. என் பெயர் வந்தது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்.

"மச்சி, கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி பஸ் வந்துடுச்சு. ஓடிப்போய் ஏறு. ஜன்னல் சீட்டு புடி."

சிரித்தார்கள். சாரும் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் எழுந்து போனேன். போகாமல் இருந்தால் நீங்கள் மறுபடியும் கூப்பிடுவீர்கள் என்று தெரியும். வராதவர்களை இரண்டாவது முறை இன்னும் சத்தமாகக் கூப்பிடுவது உங்கள் வழக்கம்.

லைப்ரரி மூலையில், கேரம் போர்டு அடுக்கி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்த கவுன்சிலர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயது. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் உள்ளே போனபோதே அவர் முகம் சுருங்கியிருந்தது. "சாரிப்பா, நான் இப்படிப் பண்ணச் சொல்லல" என்றார். நான் பேசினேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசினேன். பாத்ரூம் விஷயத்தைச் சொன்னேன். கண் விழிப்பது பற்றிச் சொன்னேன். அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பெல் அடித்ததும், அடுத்த வாரம் கட்டாயம் வா என்றார். வருகிறேன் என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை.

கேட்டுக்கு வெளியே என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

என் அப்பா வேன் ஓட்டுபவர். உங்கள் பள்ளிப் பிள்ளைகளைத்தான் ஏற்றி இறக்குகிறார். மந்தைவெளி, அடையாறு, இந்திரா நகர். கடைசிப் பீரியட் ஆரம்பிக்கும்போதே வேன்கள் எல்லாம் வந்து தெருவில் வரிசையாக நிற்கும். ஓட்டுபவர்கள் எதிரே டீக்கடையில் நிற்பார்கள். புனல் ஸ்பீக்கர் அவர்கள் தலைக்கு நேரே. இது உங்களுக்குத் தெரியும். வேன்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்லி அதே புனலில் நீங்களே எத்தனையோ முறை திட்டியிருக்கிறீர்கள்.

அப்பா டீ டம்ளரைக் கையில் வைத்திருந்தபோதுதான் என் பெயர் வந்ததாம். பல வருடம் கழித்து அவரே சொன்னார். பக்கத்து வேன் டிரைவர் அவரைப் பார்த்து, "இன்னா நைனா, உன் பையன் பேர்ல இன்னொருத்தன் கீறானா இஸ்கூல்ல?" என்று கேட்டாராம். கிண்டலா, தப்பிக்க வழி கொடுத்தாரா தெரியாது. அப்பா, "ஆமா, அது வேற பையன்" என்றாராம். இனிஷியலும் செக்‌ஷனும் சொன்ன பிறகு. கூட இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்களாம். ஒருவரும் நம்பவில்லை.

அன்றைக்கு வேனில் நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அதட்டுவார், அன்று அதட்டவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப்போய் கதவைத் திறந்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார். கடைசியாக இந்திரா நகரில் இறங்குபவன் என்னோடு பதினொன்றாம் வகுப்பு, வேறு செக்‌ஷன். ஆறாம் வகுப்பிலிருந்து அதே வேன், அதே ஜன்னல் ஓர சீட்டு. எந்நேரமும் யாரையாவது நக்கலடித்துக்கொண்டே இருப்பான். அன்று இறங்கும்போது என் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனான்.

திரும்பி வரும் வழியில், அடையாறு பாலம் ஏறுவதற்கு முன் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாடா கொற வெச்சோம் உனுக்கு?"

ஒன்றும் இல்லை என்றேன்.

"நாலு பேரு நம்பிப் புள்ளைய அனுப்புறான். வண்டி ஓட்றவன் வூட்ல பைத்தியம் கீதுன்னு தெரிஞ்சா எவன் அனுப்புவான்? நீயே சொல்லு."

இனி அந்த கவுன்சிலரைப் பார்க்கப் போகக்கூடாது என்றார். சரி என்றேன். ஹாரன் அடித்துக்கொண்டே பஸ் ஒன்று உரசிப் போனது. அவர் வண்டியை எடுத்தார்.

என் அப்பாவைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அடுத்த மாதமே அடையாறில் இரண்டு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். ஒரு அம்மா நேராகவே கேட்டார், உங்க பையனுக்கு ஏதோ சரியில்லையாமே, அவனும் இந்த வேன்லதானே வர்றான் என்று. அப்பா பயந்தது நடந்தது. அவரைத் திட்டி என்ன பிரயோஜனம். ஸ்பீக்கர் அவர் கையில் இல்லை.

நான் வெளியே தேட ஆரம்பித்தேன். இலவச கவுன்சிலிங் என்று போனில் தேடினால் நிறைய வருகிறது. நேரில் போனால்தான் கதை தெரியும். அடையாறில் ஒரு டிரஸ்ட். ஸ்கூல் கட் அடித்துவிட்டு பஸ் பிடித்துப் போனேன். மரம் இருந்த வீடு, சுத்தமான ஹால், தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாம் இலவசம்தான் தம்பி, ஆனா உனக்குப் பதினெட்டு ஆகல, டாக்டர் பார்க்கணும்னா அப்பா அம்மா யாராவது கூட வரணும் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாமல்தானே இங்கே வந்தேன் என்று கேட்டேன். மேஜையில் இருந்த பெண், ரூல்ஸ்பா என்றார். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் காற்று நன்றாக இருந்தது. பிறகு வந்துவிட்டேன்.

அடுத்தது போன். இலவசமாகக் கேட்பார்கள், பெயர் சொல்ல வேண்டாம் என்று பஸ்ஸின் பின்பக்கம் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. எங்கள் வீடு ஒரு ரூமும் சமையல்கட்டும். அங்கே பேச முடியாது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு கலங்கரை விளக்கம் பக்கம் கடற்கரை மணலுக்குப் போனேன். ஒரு பெண் எடுத்தார். மெதுவாக ஆரம்பித்தேன். காற்று கிழித்துக்கொண்டு அடித்தது.

"கேக்கலைங்க தம்பி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

இன்னொரு முறை சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் கத்தினேன். எனக்கு உயிரோட இருக்கப் பிடிக்கல என்று கத்தினேன். சுண்டல் தின்றுகொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. ஒரு குழந்தை கையை நீட்டிக் காட்டியது. இந்த ஊரில் இதைக் கத்தாமல் சொல்ல ஒரு இடம் இல்லை.

அந்தப் பெண் போனை வைக்கவில்லை. காத்து இல்லாத இடத்துக்குப் போங்க, நான் லைன்லயே இருக்கேன் என்றார். பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அந்த ஸ்டேஷன் எப்போதும் பாழடைந்த மாதிரி பெரிதாக, காலியாக இருக்கும். படிக்கட்டில் உட்கார்ந்தேன். முழுவதும் கேட்டார். முடிவில் சொன்னது ஒன்றுதான். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஓ.பி. இருக்கிறது, இலவசம், மாத்திரையும் அங்கேயே கொடுப்பார்கள், அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள், சொல்லிப் பாருங்கள்.

அம்மா தி.நகரில் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலை. நாள் முழுக்க நின்று, வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பார். அப்படிப் படுத்திருந்தபோதுதான் சொன்னேன். அம்மா காலை இறக்கவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, எவ்வளவு நாளா என்று கேட்டார். ஸ்கூல் திறந்ததிலிருந்து என்றேன். அப்போதுதான் காலை இறக்கினார்.

"எனுக்கு செவ்வாக்கெழம லீவு. அப்பாகிட்ட கண்ணு டெஸ்டுன்னு சொல்லிக்கலாம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை போனோம். ஓ.பி.யில் கூட்டம். அம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தபோதெல்லாம் என் பெயரைத்தான் கத்தப் போகிறார்கள் என்று பயந்தேன். ஆனால் அங்கே ஒரு நர்ஸ் வெளியே வந்து, டோக்கன் நம்பரை மட்டும் சொல்லி, பக்கத்தில் வந்து கையைக் காட்டிக் கூட்டிப் போனார். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு இரைச்சலில், ஒரு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் அவர்களால் அது முடிந்தது. ஒருநாள் அதை நினைத்துப் பாருங்கள், மேடம்.

மாத்திரை கொடுத்தார்கள். முதலில் வாந்தி வந்தது, தூங்கி வழிந்தேன். மாற்றிக் கொடுத்தார்கள். மெதுவாகச் சோறு இறங்கியது. எழுத்துக்கு அர்த்தம் வந்தது. சந்தோஷம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலையில் விழித்ததும் வரும் அந்தக் கேள்வி குறைந்தது, அது போதுமாக இருந்தது. கண் டெஸ்ட் என்று சொல்லியே மாதாமாதம் போனோம். அப்பா ஒருமுறை, இவ்ளோ டெஸ்ட் எடுத்தும் ஏன் கண்ணாடி போடல என்று கேட்டார். அம்மா, பவர் இன்னும் செட் ஆகலையாம் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார்.

இனி அவனைப் பற்றி. ஜன்னல் ஓர சீட்டுக்காரன்.

பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பத்தில் ஒரு நாள் வேனில் எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அப்பா யாரோ ஒரு பிள்ளையைக் கைபிடித்து வீட்டு கேட்டுக்குள் விடப் போயிருந்தார். அவன் வெளியே பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்த வியாழக்கெழம நானும் பேர் குடுக்கறதா இருந்தேன் மச்சி. ஆபீஸ் வரைக்கும் போனேன். அக்கா சாப்புடப் போயிருந்தாங்க, நாளைக்குக் குடுத்துக்கலாம்னு வந்துட்டேன். நல்லவேள."

சிரித்தான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவனுக்கா என்றுதான் முதலில் தோன்றியது. நான் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னேன். இலவசம், டோக்கன் நம்பர்தான் கூப்பிடுவார்கள், என்னோடு வா என்றேன்.

"உன்னை உங்கம்மா இட்டுக்கினு போறாங்கடா. என்னை யாரு? எங்கப்பாகிட்ட சொன்னா, பெல்ட்டக் கழட்டி அவரே ட்ரீட்மென்ட் குடுத்துடுவாரு. ஃப்ரீயா."

அப்பா திரும்பி வந்து கதவைச் சாத்தினார். பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு ஜோக் அடித்தான். ஸ்கூலில் கவுன்சிலர் அப்போதும் வியாழக்கிழமை வந்துகொண்டுதான் இருந்தார். லைப்ரரியில் கேரம் போர்டுகளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து ஏதோ படித்துக்கொண்டிருப்பார். என் பெயருக்குப் பிறகு கவுன்சிலிங்குக்கு என்று ஸ்பீக்கரில் ஒரு பெயரும் வரவில்லை. பெயர் கொடுக்க ஒருவரும் போகவில்லை. நம் பள்ளி மாணவர்களுக்கு மனதில் பாரமே இல்லை என்று ஆண்டு விழாவில் நீங்கள் சொன்னீர்கள். கைதட்டினார்கள்.

பிராக்டிகல் பரீட்சைக்குச் சில நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை, அவன் பெயர் ஸ்பீக்கரில் வந்தது. இனிஷியல், வகுப்பு, செக்‌ஷன். உடல்நலக் குறைவால் காலமானார் என்றீர்கள். ஒரு நிமிட மௌன அஞ்சலி என்றீர்கள். நின்றோம். வராண்டா ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மைக்கில் தொண்டையைச் செருமிவிட்டு, பி பேட்ச் மாணவர்கள் ரெக்கார்டு நோட்டுடன் லேபுக்கு வரவும் என்றீர்கள்.

உடல்நலக் குறைவு. அவனுக்குக் காய்ச்சல் கூட இல்லை. அவன் எப்படிச் செத்தான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்தத் தெருவில் டீ குடித்தவர்களுக்கும் தெரியும். அவன் வீட்டுக்காக மறைத்தேன் என்று நீங்கள் சொல்லலாம். சரி. அப்படியென்றால் எதை மறைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. உயிரோடு இருந்த எனக்கு அந்த ரகசியத்தில் ஒரு துளி கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் மறுநாள் அவன் ஆபீஸுக்குப் போய்ப் பெயர் கொடுத்திருப்பான். பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. பெயர் கொடுத்திருப்பான் என்பது தெரியும். அவனே சொன்னான்.

அன்று சாயங்காலம் வேனில் ஜன்னல் ஓர சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. சின்னப் பிள்ளைகள் கூட இடித்துக்கொண்டு மற்ற சீட்டுகளில் உட்கார்ந்தார்கள். இந்திரா நகருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. அப்பா பழக்கத்தில் அந்தத் தெரு முனை வரை ஓட்டிவிட்டார். நிறுத்தினார். இறங்கிக் கதவைத் திறக்கப் போய், பாதியில் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"மாத்திர போட்டியா?" என்று கேட்டார்.

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. போட்டேன் என்றேன். வண்டியை எடுத்தார். மறுமாதம் ஆஸ்பத்திரிக்கு வேனில் அவரே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நிறுத்தி, வேனின் பக்கவாட்டில் எழுதியிருந்த நம் பள்ளியின் பெயர் எல்லாருக்கும் தெரிய, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

மௌன அஞ்சலி முடிந்த மறுநாள் நான் உங்களை வராண்டாவில் நிறுத்திக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு ஏன் மேடம் என் பெயரைப் படித்தீங்க என்று. சுற்றிலும் பசங்க நின்றார்கள். நீங்கள் நாலு பக்கமும் பார்த்தீர்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள்.

"இதெல்லாம் இங்க எல்லார் முன்னாடியும் பேசக்கூடாதுப்பா. ரூமுக்கு வா, தனியாப் பேசலாம்."

தனியாக. அந்த வார்த்தை உங்களுக்கும் தெரிந்திருந்தது. நான் வரவில்லை.

போன வாரம் வேலை விஷயமாக அந்தத் தெரு வழியாக வண்டியில் வந்தேன். கேட்டில் பெரிய பேனர். மனம் விட்டுப் பேசு என்று எழுதி, கைகூப்பியபடி உங்கள் படம். மாணவர் மனநலத்துக்காகப் பாடுபட்டதற்கு உங்களுக்குப் பாராட்டு விழாவாம். பேனருக்கு மேலே அதே புனல் ஸ்பீக்கர், புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், இன்னும் ஸ்பீக்கரில்தான் பெயர் படிக்கிறீர்களா என்று ஒரு வரி போட்டேன். அட்மின் அழித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் உங்களிடமிருந்து மெசேஜ் வந்தது. நேரில் வாப்பா, தனியாகப் பேசலாம்.

வர மாட்டேன். உங்களிடம் தனியாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை கடைசிப் பீரியடில், வேன்கள் எல்லாம் வந்து வரிசையாக நின்ற பிறகு, மைக்கை ஆன் பண்ணுங்கள். எல்லா வகுப்பிலும் கேட்கட்டும், டீக்கடையிலும் கேட்கட்டும். என் அப்பா இப்போதும் அங்கேதான் நிற்கிறார். ரகசியம் காப்பேன் என்று சொல்லிவிட்டு என் பெயரை ஏன் படித்தீர்கள், அதைக் கேட்ட பிறகு ஒரு பிள்ளை கூட ஏன் பெயர் கொடுக்க வரவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா, இன்றைக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறீர்கள். இந்த மூன்றுக்கும் உங்கள் வாயால், அந்த ஸ்பீக்கரில், பதில் சொல்லுங்கள் மேடம்.